பெப்பர்மின்ட் எண்ணெய்: தெரிந்து வாங்கவும் அளவறிந்து பயன்படுத்தவும் ஒரு முழுமையான வழிகாட்டி

பெப்பர்மின்ட் எண்ணெய் என்ற பெயரில் விற்கப்படும் புட்டிகள் எல்லாவற்றிலும் ஒரே எண்ணெய் இருப்பதில்லை. சிலவற்றில் உண்மையான பெப்பர்மின்ட் செடியிலிருந்து வடித்த எண்ணெய் இருக்கும். பலவற்றில் உத்தரப் பிரதேசத்தில் விளையும் வேறொரு புதினாவின் எண்ணெய் இருக்கும். மலிவான சிலவற்றில், குளிர்ச்சி உணர்வைத் தரும் மென்தால் என்னும் பொருளை ஏதோ ஒரு தாவர எண்ணெயில் கரைத்தது மட்டுமே இருக்கும். மூன்றும் முகர்ந்தவுடன் குளிர்ச்சி தருவதால் வாங்குபவருக்கு வேறுபாடு தெரிவதில்லை. ஆனால் எத்தனை சொட்டு விடலாம், எங்கே பூசலாம், எதை எதிர்பார்க்கலாம் என்பவை புட்டிக்குள் இருப்பதைப் பொறுத்தே மாறுகின்றன. ஆகவே இந்த வழிகாட்டி பயன்களிலிருந்து தொடங்காமல் செடியிலிருந்து தொடங்குகிறது. பயன்களைப் பற்றி இப்போதைக்கு ஒன்றை மட்டும் சொல்லிவிடலாம்: மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளில் ஓரளவு உறுதியாக நிலைபெற்றவை இரண்டே. இறுக்கத் தலைவலிக்கு நெற்றியில் பூசுவது ஒன்று. வயிற்று வலியும் மலப்போக்குக் கோளாறும் திரும்பத் திரும்ப வரும் எரிச்சல் குடல் நோய்க்கு (ஐ.பி.எஸ்.) உறையிட்ட காப்ஸ்யூலாக விழுங்குவது மற்றொன்று. எஞ்சியவற்றில் பெரும்பாலானவை மணமும் குளிர்ச்சியும் தரும் இதம். அந்த இதத்துக்கும் மதிப்பு உண்டு, ஆனால் அதை மருத்துவம் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

முதல் படி: எந்தப் புதினா என்று அறிதல்

நம் சமையலறைப் புதினா பெரும்பாலும் மெந்தா ஸ்பைகேட்டா என்னும் இனத்தைச் சேர்ந்தது. துவையலுக்கும் பிரியாணிக்கும் அது தரும் மணத்துக்குக் கார்வோன் என்னும் பொருளே முதன்மைக் காரணம்; அதில் மென்தால் மிகமிகக் குறைவு. ஒரு கட்டுப் புதினாவை மென்றாலும் பெட்டிக்கடைப் பெப்பர்மின்ட் மிட்டாயின் சில்லிப்பு நாக்கில் ஏறாததற்கு இதுவே காரணம். அந்த ஸ்பைகேட்டாவும், ஐரோப்பாவின் ஓடைக் கரைகளில் வளரும் மெந்தா அக்குவாட்டிகா என்னும் நீர்ப்புதினாவும் கலந்து பிறந்த கலப்பினமே பெப்பர்மின்ட். தாவரவியலில் மெந்தா பைப்பரிட்டா. இங்கிலாந்தின் தாவரவியலாளர் ஜான் ரே 1696ஆம் ஆண்டில் இதைத் தனிச் செடியாக விவரித்தார். கலப்பினமாக இருப்பதால் இது முளைக்கக்கூடிய விதையைப் பொதுவாகத் தருவதில்லை. தரையோடு ஓடும் தண்டுகளை வெட்டி நட்டே இதைப் பெருக்க வேண்டும். பெப்பர்மின்ட் என்று விற்கப்படும் விதைப் பாக்கெட்டைக் கண்டால், உள்ளே வேறு புதினாவே இருக்கும் என்று ஐயப்படுவது நியாயம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டனுக்குத் தெற்கே உள்ள மிட்சம் என்ற ஊர் இந்தச் செடிக்குப் பெயர்பெற்றது. இன்றும் முக்கிய ரகங்கள் மிட்சம் என்ற பெயரையே தாங்கியுள்ளன. அங்கிருந்து சாகுபடி அமெரிக்காவின் நியூயார்க், மிச்சிகன் மாநிலங்களுக்குச் சென்றது. மண்ணில் தங்கிச் செடியை வாடச் செய்யும் வெர்டிசிலியம் என்னும் பூஞ்சை மிச்சிகன் வயல்களை அழித்ததால், இருபதாம் நூற்றாண்டில் ஓரிகன், வாஷிங்டன், ஐடஹோ ஆகிய மேற்கு மாநிலங்களுக்கு இடம்பெயர்ந்தது. கோடையில் பகல் மிக நீண்டும் இரவு குளிர்ந்தும் இருக்கும் வடக்குப் பகுதிகளில்தான் இச்செடி நல்ல எண்ணெய் தருகிறது. ஆண்டு முழுவதும் பகலின் நீளம் அதிகம் மாறாத தமிழ்நாட்டுச் சமவெளியில் தொட்டியில் வளர்த்து இலை பறிக்கலாம். ஆனால் எண்ணெய்க்குரிய தரத்தை எதிர்பார்க்க முடியாது.

இந்தியச் சந்தையை ஆள்வது மெந்தா அர்வென்சிஸ் என்னும் மற்றொரு புதினா. இரண்டாம் உலகப் போருக்கு முன் ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலுள்ள கித்தாமி நகரைச் சுற்றி இது பெருமளவில் விளைந்தது. 1950களில் ஜப்பானிய ரகம் இந்தியாவுக்கு வந்தது. லக்னோவிலுள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர ஆராய்ச்சி நிறுவனம் கோசி, சிம் கிராந்தி போன்ற ரகங்களை உருவாக்கியது. உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி, சம்பல், ராம்பூர், பதாயூன் மாவட்டங்களில் குளிர்காலப் பயிருக்கும் மழைக்கால நெல்லுக்கும் இடையில் இதை நட்டு, மே, ஜூன் மாதங்களில் அறுத்து, வயலோரத்திலேயே காய்ச்சி வடிக்கிறார்கள். உலகின் இயற்கை மென்தாலில் பெரும்பகுதியை இன்று இந்தியாவே தருகிறது. இந்த எண்ணெய் மும்பையின் பண்டகச் சந்தையில் முன்பேர வணிகத்திலும் இடம்பெற்றுள்ளது.

அர்வென்சிஸ் எண்ணெயில் 70 முதல் 80 சதவீதம் வரையிலும், சில ரகங்களில் அதற்கு மேலும் மென்தால் இருக்கும். அந்த எண்ணெயைக் குளிரவைத்தால் மென்தால் ஊசி ஊசியாகப் படிகமாகிப் பிரிந்துவிடும். நாட்டு மருந்துக் கடையில் புதினா உப்பு என்று வாங்குவது இந்தப் படிகத்தைத்தான். படிகத்தை எடுத்தபின் எஞ்சும் எண்ணெயில் மென்தால் 30 முதல் 50 சதவீதமாகக் குறைந்து, பெப்பர்மின்ட்டின் அளவுக்கு அருகில் வந்துவிடுகிறது. விலையோ பல மடங்கு குறைவு. எனவே அதுவே பல நேரங்களில் பெப்பர்மின்ட் என்ற சீட்டோடு புட்டிக்குள் போய்ச் சேருகிறது. பற்பசைக்கும் தைலத்துக்கும் அது முறையான சரக்குதான். குறை அதன் பெயரில் இருக்கிறது.

இரண்டாம் படி: எண்ணெய்க்குள் இருப்பதைப் புரிந்துகொள்ளுதல்

பெப்பர்மின்ட் இலையின் மேற்பரப்பில், கண்ணுக்கு எளிதில் தெரியாத சுரப்பி மயிர்களில் எண்ணெய் சேர்கிறது. இளம் இலையில் மென்தோன் என்னும் பொருள் மிகுதியாக இருக்கும்; இலை முதிர முதிர அது மென்தாலாக மாறும். பூ அதிகமானால் மெந்தோஃபியூரான் என்னும் பொருள் கூடி, மணத்தில் ஒரு கசப்பு ஏறும். அதனால் பூக்கத் தொடங்கும் பருவத்தில் அறுப்பதே வழக்கம். அறுத்ததைச் சிறிது வாடவிட்டு, நீராவியைச் செலுத்தி, ஆவியைக் குளிர்வித்தால் நீரின் மேல் எண்ணெய் மிதந்து பிரியும். நூறு கிலோ பச்சைத் தழையிலிருந்து கிடைப்பது அரைக் கிலோவை எட்டுவதே அரிது. பத்து மில்லி லிட்டர் புட்டிக்குப் பின்னால் ஏறத்தாழ இரண்டு மூன்று கிலோ தழை இருக்கிறது என்பதை நினைவில் வைத்தால், சொட்டுக் கணக்கில் ஏன் கருத்தாக இருக்க வேண்டும் என்பது விளங்கும்.

ஐரோப்பிய மருந்துத் தர நூலின்படி உண்மையான பெப்பர்மின்ட் எண்ணெயில் மென்தால் 30 முதல் 55 சதவீதமும், மென்தோன் 14 முதல் 32 சதவீதமும் இருக்க வேண்டும். மென்தைல் அசிட்டேட், சினியோல், மெந்தோஃபியூரான் ஆகியவை சிறிதளவு இருக்கும். ஈரலுக்குத் தீங்கு செய்யக்கூடிய புலிகோன் மிகக் குறைவாகவே இருக்கலாம் என்று உச்சவரம்பும் வைத்திருக்கிறார்கள். இவற்றுள் வாங்குபவருக்கு உதவும் துப்பு சினியோல்தான். பெப்பர்மின்ட்டில் அது குறைந்தது 3.5 சதவீதமாவது இருக்கும். மென்தால் நீக்கிய அர்வென்சிஸ் எண்ணெயில் 1.5 சதவீதத்தைத் தாண்டாது.

மென்தால் குளிர்ச்சி தருவதாகச் சொல்கிறோம். உண்மையில் அது தோலின் வெப்பத்தை அவ்வளவாகக் குறைப்பதில்லை. நரம்பு முனைகளில் குளிரை உணரும் டிஆர்பிஎம்8 என்ற ஏற்பி உள்ளது. குளிர் பட்டாலும் மென்தால் பட்டாலும் அது ஒரே செய்தியைத்தான் மூளைக்கு அனுப்புகிறது. 2002ஆம் ஆண்டில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே இந்த ஏற்பியைக் கண்டறிந்தன. அவற்றை நடத்திய டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் ஆகிய இருவரும் வெப்பம், தொடுதல் ஆகியவற்றை உணரும் ஏற்பிகளைக் கண்டறிந்ததற்காக 2021இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். மென்தாலுக்கு மற்றொரு பண்பும் உண்டு: குடல் போன்ற உறுப்புகளின் மென்தசைச் செல்களுக்குள் கால்சியம் நுழைவதைத் தடுத்து அந்தத் தசையைத் தளர்த்துகிறது. குளிர்ச்சி உணர்வு, தசைத் தளர்ச்சி ஆகிய இந்த இரண்டிலிருந்தே இவ்வெண்ணெயின் பெரும்பாலான பயன்களும், சில ஆபத்துகளும் பிறக்கின்றன.

மூன்றாம் படி: வாங்குதல்

சீட்டில் மெந்தா பைப்பரிட்டா என்ற தாவரப் பெயர், விளைந்த நாடு, வடித்த முறை, தொகுதி எண் ஆகியவை இருக்க வேண்டும். மெந்தா அர்வென்சிஸ் என்று நேர்மையாக அச்சிட்டிருந்தால் அதை வாங்குவதில் தவறில்லை; மென்தால் மிகுதியாக இருப்பதால் சொட்டைக் குறைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். புதினா என்று மட்டும் எழுதி நிறுத்தியிருந்தாலோ, பிளாஸ்டிக் புட்டியிலோ நிறமற்ற கண்ணாடியிலோ அடைத்திருந்தாலோ தவிர்ப்பதே நல்லது. நல்ல விற்பனையாளர் அந்தத் தொகுதிக்குரிய வாயு நிறப்பிரிகை அறிக்கையைத் தருவார்; எண்ணெயில் எந்தப் பொருள் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆய்வக அறிக்கை அது. பேச்சுவழக்கில் அதை ஜி.சி. ரிப்போர்ட் என்பார்கள். அதில் மேலே சொன்ன சினியோல் அளவையும் மெந்தோஃபியூரான் இருக்கிறதா என்பதையும் பார்த்தால் போதும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் சில உண்டு; அவை முழுமையானவை அல்ல. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் காற்றில் வைத்தால், தூய நறுமண எண்ணெய் ஏறத்தாழ முற்றிலும் ஆவியாகிவிடும். பஜ்ஜி வைத்த தாள்போல் எண்ணெய்க் கறை நிலைத்திருந்தால் தாவர எண்ணெய் கலந்திருக்கிறது என்று பொருள். குளிர்பதனப் பெட்டியில் ஓர் இரவு வைத்ததும் புட்டி நிறைய ஊசிப் படிகங்கள் நின்றால், அது மென்தால் நீக்காத அர்வென்சிஸ் எண்ணெயாக இருக்க வாய்ப்பு அதிகம். மென்தால் நீக்கிய எண்ணெயை இந்த இரு சோதனைகளும் காட்டிக்கொடுக்கமாட்டா. அதற்கு அறிக்கை ஒன்றே வழி.

சிங்கப்பூரிலிருந்து வரும் உறவினர்கள் கொண்டுவரும் கோடாலித் தைலமும், தலைவலிக்குத் தடவும் பிற தைலங்களும் பெப்பர்மின்ட் எண்ணெய் அல்ல. அவை மென்தாலோடு கற்பூரம், யூகலிப்டஸ் எண்ணெய், மெத்தில் சாலிசிலேட் போன்றவை சேர்ந்த கலவைகள். அவ்வாறே, புதினா உப்பு, ஓம உப்பு, கற்பூரம் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் தானே இளகி நீராகும் பழைய கைமருந்தும் வேறு. இவற்றுக்குரிய அளவை இங்கும், இங்குள்ள அளவை அவற்றுக்கும் மாற்றிப் போடக் கூடாது.

நான்காம் படி: வலுவைக் குறைத்தல்

கலக்காத எண்ணெயை நேரடியாகத் தோலில் பூசக் கூடாது. தண்ணீரில் இது கரையாது. ஆகவே வாளித் தண்ணீரில் சொட்டுவிட்டுக் குளித்தால் எண்ணெய் மேலே மிதந்து, முதல் செம்பிலேயே அடர்த்தியாக உடலில் படும், கண்ணிலும் படும். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், பாதாம் எண்ணெய் ஆகியவற்றுள் ஒன்றில் கலப்பதே முறை. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால் மார்கழியில் கலக்குபவர்கள் வேறொன்றைத் தேர்ந்தெடுக்கலாம். நல்லெண்ணெயின் சொந்த மணம் தூக்கலாக இருக்கும். எனக்கு அது குறையாகத் தோன்றியதில்லை.

சொட்டு மூடியுள்ள புட்டியில் ஒரு மில்லி லிட்டருக்குச் சுமார் 20 சொட்டு என்று கொள்ளலாம். மூடிக்கு மூடி இது மாறும். அந்தக் கணக்கில் 10 மி.லி. எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டால் ஒரு சதவீதம், 30 மி.லி.யில் பன்னிரண்டு சொட்டு விட்டால் இரண்டு சதவீதம், 50 மி.லி.யில் இருபது சொட்டு விட்டாலும் இரண்டு சதவீதம். முதன்முறை பயன்படுத்துபவர்களுக்கும் முதியவர்களுக்கும் ஒரு சதவீதம் போதும். உடலில் பூசுவதற்கு இரண்டு அல்லது மூன்று சதவீதத்தைத் தாண்ட வேண்டிய தேவை பெரும்பாலும் எழாது. சிறு பரப்பில் மட்டும் பூசும் தலைவலிக் கலவை இதற்கு விதிவிலக்கு. அதற்கு மருந்துக் கடை ஊசியில்லாச் சிரிஞ்சால் அளந்துகொள்வது சொட்டு எண்ணுவதைவிடச் சரியாக இருக்கும்.

எந்தக் கலவையையும் முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிது பூசி ஒரு நாள் பாருங்கள். தடிப்போ அரிப்போ வந்தால் அந்தக் கலவை உங்களுக்கு ஆகாது. புண், சிரங்கு, சவரம் செய்த தோல், உதடு, பிறப்புறுப்புப் பகுதி ஆகிய இடங்களில் எந்த அளவிலும் பூச வேண்டாம்.

ஐந்தாம் படி: தலைவலிக்குப் பூசுதல்

நெற்றியைச் சுற்றிப் பட்டை கட்டி இறுக்குவதுபோன்ற வலிதான் இறுக்கத் தலைவலி. ஜெர்மனியின் கீல் நகரில் ஹார்ட்முட் கோபெல் தலைமையிலான குழு 41 நோயாளிகளிடம் 164 தலைவலி நிகழ்வுகளில் நடத்திய ஆய்வு 1996இல் வெளிவந்தது. சாராயத்தில் (எத்தனாலில்) 10 சதவீதம் கரைத்த பெப்பர்மின்ட் எண்ணெயை நெற்றியிலும் அதன் இரு பக்கப் பொட்டுகளிலும் பூசியதற்கும், 1000 மில்லிகிராம் பாரசிட்டமால் விழுங்கியதற்கும் இடையே பலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று அது கண்டது. ஆய்வு சிறியதுதான். ஆயினும் இந்தப் பயன்பாட்டை ஐரோப்பிய மருந்து முகமை ஏற்றுக்கொண்டுள்ளது. ஜெர்மனியில் இது மருந்தாகவே விற்கப்படுகிறது.

வீட்டில் செய்ய, 10 மி.லி. உருளைப் புட்டியில் 9 மி.லி. தாவர எண்ணெயும் 1 மி.லி. பெப்பர்மின்ட் எண்ணெயும் ஊற்றிக் குலுக்குங்கள். சாராயம் விரைவில் உலர்ந்து குளிர்ச்சியைக் கூட்டும் என்பதால் எண்ணெய்க் கலவை ஆய்வில் கண்ட அளவுக்கு வேலை செய்யும் என்று உறுதி கூற முடியாது. ஆனால் வீட்டில் கையாள அதுவே பாதுகாப்பு. முதலில் ஐந்து சதவீதக் கலவையில் தொடங்குவது நல்லது. வலி தொடங்கியவுடன் நெற்றியிலும் இரு பொட்டுகளிலும் மெல்லிய பூச்சாகத் தடவி, கால்மணி நேரம் கழித்து மீண்டும் ஒருமுறை, தேவைப்பட்டால் மேலும் ஒருமுறை தடவலாம். புருவத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. வியர்வை வழிந்து கண்ணில் இறங்கும் வெயில் காலத்தில் படுத்துக்கொண்டு பூசுவது நல்லது. பூசியபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைக் கசக்க வேண்டாம். இது பெரியவர்களுக்கான முறை. திடீரெனத் தாங்கமுடியாமல் எழும் தலைவலி, காய்ச்சலோடும் கழுத்து விறைப்போடும் வரும் தலைவலி, பேச்சுக் குழறல், கைகால் மரத்தல், பார்வை மங்கல் இவற்றோடு வரும் தலைவலி ஆகியவற்றுக்கு எந்த எண்ணெயையும் தேடாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஆறாம் படி: வயிற்றுக்கு எடுத்தல்

இங்கேதான் தவறான அறிவுரைகள் அதிகம் உலவுகின்றன. வெந்நீரில் இரண்டு சொட்டு விட்டுக் குடித்தால் வாயு கலையும் என்பது அவற்றுள் ஒன்று. கரையாத எண்ணெய் வாயையும் உணவுக்குழலையும் சுடும். அதோடு, இரைப்பையின் வாயிலிலுள்ள தசையைத் தளர்த்தி அமிலம் மேலேறவும் வழிசெய்யும். நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு அது தீமையைக் கூட்டும்.

ஆய்வுகளில் பயன்பட்டது வேறு வடிவம். இரைப்பை அமிலத்தில் கரையாமல் குடலில் மட்டும் கரையும் உறையிட்ட காப்ஸ்யூலில் 0.2 மி.லி. எண்ணெய் இருக்கும், பெரியவர்கள் நாளுக்கு மூன்று வேளை, உணவுக்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் முன்பாக, மெல்லாமல் விழுங்குவது வழக்கமான முறை. மென்தால் குடல் தசையைத் தளர்த்துவதால் எரிச்சல் குடல் நோயின் சுருட்டி இழுக்கும் வலி குறைகிறது. 2021இல் அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவக் கல்லூரி என்னும் மருத்துவர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதல் இதற்குப் பெப்பர்மின்ட்டைப் பரிந்துரைத்தது. ஆனால் சான்றின் தரம் குறைவு என்பதையும் சேர்த்தே சொன்னது. நெதர்லாந்தில் 190 நோயாளிகளிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், முன்கூட்டி வகுத்த முதன்மை இலக்கை இந்த எண்ணெய் எட்டவில்லை; வயிற்று வலியும் அசௌகரியமும் சற்றுக் குறைந்ததை மட்டும் இரண்டாம் நிலை அளவீடுகள் காட்டின. ஆகவே இது எல்லோருக்கும் கேட்கும் மருந்து அல்ல, சிலருக்கு உதவும் மருந்து என்று கொள்வதே சரி.

அமில எதிர்ப்பு மருந்துகளோடு சேர்த்து எடுத்தால் உறை முன்னதாகவே கரைந்து நெஞ்செரிச்சல் வரும். பித்தப்பைக் கல், பித்தநாள அடைப்பு, கடும் ஈரல் நோய் உள்ளவர்கள் எடுக்கக் கூடாது. உறுப்பு மாற்று சிகிச்சைக்குப்பின் சைக்ளோஸ்போரின் போன்ற மருந்து உண்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது. மேலும், எரிச்சல் குடல் நோய் என்று மருத்துவர் கண்டறிந்து சொல்லியிருக்க வேண்டும். மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், ஐம்பது வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கிய வயிற்றுத் தொல்லை ஆகியவற்றைக் காப்ஸ்யூலால் மூடிவைப்பது ஆபத்து.

சமையலில் மணத்துக்காகச் சேர்ப்பது தனி விஷயம். அதற்கு உணவுத் தரம் என்று குறித்த எண்ணெயோ எசென்சோ வேண்டும். சாக்லேட் கலவைக்கு ஓரிரு சொட்டில் தொடங்கினால் போதும். பற்குச்சியின் நுனியை எண்ணெயில் தோய்த்துக் கலக்குவது அனுபவமுள்ள மிட்டாய்க்காரர்களின் கைப்பழக்கம்.

ஏழாம் படி: முகர்தல்

மூக்கடைப்பில் மென்தாலை முகர்ந்தால் அடைப்பு திறந்ததுபோல் தோன்றுகிறது. கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் ரோனால்ட் எக்கிள்ஸ் மூக்கின் வழியே செல்லும் காற்றை அளந்து பார்த்தபோது, மென்தாலுக்குப் பின்னும் காற்றோட்டம் கூடவில்லை. கூடியது காற்று செல்கிறது என்ற உணர்வு மட்டுமே. இரவில் தூங்க முடியாமல் தவிப்பவருக்கு அந்த உணர்வும் உதவிதான். ஆனால் சளி கரைகிறது, கிருமி சாகிறது என்று நம்பி மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஒரு சொட்டைப் பஞ்சிலோ கைக்குட்டையிலோ விட்டு, மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து முகர்வதே போதும். போர்வை மூடி ஆவி பிடிப்பவர்கள் அகன்ற பாத்திரத்தில் ஒரு சொட்டுக்குமேல் விட வேண்டாம். கண்ணை இறுக மூடிக்கொள்ள வேண்டும். குழந்தைகளை ஆவி பிடிக்க வைப்பதில் எண்ணெயைவிடக் கொதிநீரே பெரிய ஆபத்து. மின்சார மணப்பரப்பியில் நூறு மி.லி. நீருக்கு மூன்று நான்கு சொட்டு விட்டு, அரைமணி நேரம் ஓடவிட்டு, சன்னலைத் திறந்து வைக்கலாம். ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இருந்தால் இதை அறவே தவிர்ப்பது நல்லது.

சுருக்கமாகச் சொல்லக்கூடிய மற்றப் பயன்கள்

தசைப்பிடிப்புக்கும் நடந்து களைத்த காலுக்கும் இரண்டு சதவீதக் கலவையைத் தேய்க்கலாம். குளிர்ச்சி வலியிலிருந்து கவனத்தை விலக்கும், தேய்ப்பதும் தன் பங்குக்கு உதவும். தேய்த்த இடத்தில் வெந்நீர்ப் பை வைக்க வேண்டாம். கூந்தல் வளரும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படை, 2014இல் வெளியான ஓர் எலி ஆய்வு. மனிதத் தலைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. எலிகளை விரட்டும் என்பதும் கொசுவைத் தடுக்கும் என்பதும் மணம் தூக்கலாக இருக்கும் சில மணி நேரத்துக்கு வேண்டுமானால் பொருந்தலாம். டெங்குக் காலத்தில் இதை நம்பிக் கொசுவலையைக் கழற்றிவிடாதீர்கள்.

யார் தவிர்க்க வேண்டும்

இந்தப் பகுதியை மட்டும் படித்தாலும் போதும் என்றே சொல்வேன். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் முகத்திலோ மூக்கினருகிலோ மார்பிலோ மென்தால் கலந்த எதையும் பூசக் கூடாது. குரல்வளை இறுகி மூச்சு நின்றுபோகும் அபாயம் உண்டு. சளி பிடித்த பச்சிளங்குழந்தைக்கு அன்போடு தைலம் தடவும் பாட்டிமார்களுக்கு இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆறு வயது வரை கலக்கிய எண்ணெயையும் முகத்துக்கு அருகே கொண்டுசெல்லாமல் இருப்பது பாதுகாப்பு. இரத்தச் சிவப்பணுக்கள் எளிதில் சிதையும் பிறவிக் கோளாறான ஜி6பிடி நொதிக் குறைபாடுள்ள பச்சிளங்குழந்தைகளுக்கு மென்தால் மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கக்கூடும். வலிப்பு நோய் வரலாறு உள்ள குழந்தைகளையும் இதிலிருந்து விலக்கி வைக்க வேண்டும்.

கருவுற்றவர்கள் காப்ஸ்யூலைத் தவிர்க்க வேண்டும். முகர்வதற்கும் மிகக் குறைந்த அளவில் பூசுவதற்கும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளலாம். தாய்ப்பால் கொடுப்பவர்கள் மார்பில் பூசினால் குழந்தையின் மூக்கு நேரே அதில் படும். பூனைகளின் ஈரலால் இத்தகைய பொருள்களை எளிதில் சிதைத்து வெளியேற்ற முடியாது. பூனையும் பறவைகளும் இருக்கும் அறையில் மணப்பரப்பி ஓடக் கூடாது.

விபத்து நேர்ந்தால்

தோலில் கலக்காத எண்ணெய் பட்டு எரிந்தால் தண்ணீர் மட்டும் ஊற்றுவது உதவாது. முதலில் தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ தடவித் துடைத்து எடுத்து, பிறகு சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். கண்ணில் பட்டால் இமையைத் திறந்து வைத்து ஓடும் நீரில் கால்மணி நேரம் கழுவி, எரிச்சல் நிற்காவிட்டால் கண் மருத்துவரிடம் செல்லுங்கள். குழந்தை எண்ணெயைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிலைமை இன்னும் மோசமாகும். புட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூச்சுத் திணறலோ மயக்கமோ தெரிந்தால் தமிழ்நாட்டில் 108ஐ அழையுங்கள்.

பாதுகாத்தல்

அடர்பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டியில், இறுக மூடி, வெளிச்சமும் வெப்பமும் படாத அலமாரியில், குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். ரப்பர் குமிழ் உள்ள சொட்டுக்குழாயோடு நீண்ட நாள் வைத்தால் எண்ணெயின் ஆவி ரப்பரை இளக்கிவிடும். தெர்மாக்கோலையும் சில பிளாஸ்டிக்குகளையும் எண்ணெயே கரைத்துவிடும். இது தீப்பிடிக்கக்கூடிய பொருள். சாமி விளக்கின் அருகிலோ அடுப்பின் அருகிலோ புட்டியைத் திறக்க வேண்டாம். திறந்த நாளைப் புட்டியின் மேல் எழுதி வைத்தால், இரண்டு மூன்று ஆண்டுகளில் மணம் மழுங்கி, எண்ணெய் கெட்டியாகிப் பழுப்பேறும்போது காரணம் தேட வேண்டியிருக்காது.

அப்படிப் பழையதாகிப்போன எண்ணெய் தோலை எளிதில் உறுத்தும். அதைப் பூசவும் முகரவும் பயன்படுத்தாமல் தரை துடைக்கும் நீரில் சோப்புக் கரைசலோடு சேர்த்துத் தீர்த்துவிடலாம். மற்றொரு வழியும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கக் குழாய்ப் பணியாளர்கள், கழிவுக்குழாயில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கக் கூரையின் மேலுள்ள குழாய் வாயில் பெப்பர்மின்ட் எண்ணெயையும் வெந்நீரையும் ஊற்றுவார்கள். கீழே எந்த அறையில் மணம் எழுகிறதோ அங்கே விரிசல் என்று கொள்வார்கள். எண்ணெய் ஊற்றியவர் சோதனை முடியும்வரை வீட்டுக்குள் நுழையக் கூடாது என்பது அவர்களது விதி, ஏனெனில் அவர் கையிலிருந்தே மணம் வீடு முழுதும் பரவிவிடும். குளியலறையில் எங்கிருந்தோ சாக்கடை வாடை வருகிறது, இடம் பிடிபடவில்லை என்றால், பழைய புட்டியை மொட்டை மாடியிலுள்ள கழிவுக்குழாய் வாயில் கவிழ்த்து இதையே இன்றும் செய்து பார்க்கலாம். முகர்ந்து பார்ப்பதற்கு மட்டும் வேறொருவரை உள்ளே நிறுத்திக்கொள்ளுங்கள்.